கையில் கல்லூரி இடம். எதிரே மறு பரீட்சை: எழுதுவதா, விடுவதா?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியாகும் மே மாதம், அந்தமான் தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரட்டைக் கவலை தரும் மாதம். பிள்ளை எத்தனை மார்க்கு வாங்கியது என்பது ஒரு கவலை. அந்த மார்க்குக்கு எந்த ஊரில், எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பது அடுத்த கவலை.

கல்லூரி இடம் கிடைத்தபிறகும் சில வீடுகளில் கவலை தீர்வதில்லை. ஜூலையில் மறு பரீட்சை ஒன்று காத்திருக்கிறது. "இடம்தான் கிடைத்துவிட்டதே, இனி எதற்குப் பரீட்சை?" என்கிறான் மகன். "இன்னும் பத்து மார்க்கு வந்தால் இதைவிட நல்ல கல்லூரி கிடைக்குமே" என்கிறார் தகப்பனார். தாயார் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

இதில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். முடிவைச் சொல்வது கல்லூரி கொடுத்த சேர்க்கைக் கடிதம்தான். அதில் உள்ள நிபந்தனையை வரி விடாமல் படித்த குடும்பம் தப்புகிறது. படிக்காத குடும்பம் ஒரு வருடத்தை இழக்கிறது.

கடல் நடுவே ஒரு கணக்கு

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கென்று தனியாகப் பரீட்சை வாரியம் கிடையாது. அங்குள்ள பள்ளிகள் சி.பி.எஸ்.இ. என்னும் மத்திய வாரியத்தின் பாடத்திட்டத்தில் நடக்கின்றன. அந்த வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகமே தீவுகளையும் கவனித்துக்கொள்கிறது. ஆகவே ரங்கத்திலும் மாயாபந்தரிலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளை எழுதுவதும், டில்லிப் பிள்ளை எழுதுவதும் ஒரே வாரியத்தின் பரீட்சைதான்.

தலைநகரான போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் இந்நகரம் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டது) ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967ல் தொடங்கப்பட்டது. மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி 1990ல் வந்தது. 2015ல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அப்படியிருந்தும் விரும்பிய படிப்பைத் தேடிச் சென்னைக்கும், புதுவைக்கும், மதுரைக்கும் கப்பலேறும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு.

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடல் வழித் தொலைவு சுமார் 1,190 கிலோ மீட்டர். கப்பலில் ஏறினால் ஏறக்குறைய மூன்று நாள் பயணம். ஜூலை மாதம் தென்மேற்குப் பருவமழைக் காலம்; கடல் கொந்தளிக்கும். கோவையில் இருக்கும் மாணவன் கல்லூரியில் சேர்ந்தபிறகும் பஸ் பிடித்துப் பழைய பள்ளிக்குப் போய் ஒரு பரீட்சை எழுதிவிட்டு வரலாம். தீவு மாணவனுக்கு அது நடக்கிற காரியமா? டிக்கெட்டு, தங்கும் செலவு, விட்டுப்போகும் வகுப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு சம்பளத்தை விழுங்கிவிடும்.

ஒரு வசதி மட்டும் வந்திருக்கிறது. 2020 ஆகஸ்டில், சுமார் 2,300 கிலோ மீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் சென்னையிலிருந்து தீவுகளை இணைத்தது. அதற்கு முன் செயற்கைக்கோள் வழியாக வந்த மெதுவான இண்டர்நெட்டை நம்பிக் கல்லூரி விண்ணப்பம் அனுப்பியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது வாரியத்தின் அறிவிப்பையும் கல்லூரியின் கடிதத்தையும் வீட்டிலிருந்தே படிக்க முடிகிறது. படிக்க வேண்டியதுதான் பாக்கி.

மறு பரீட்சை இரண்டு வகை

மறு பரீட்சை என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, 'கம்பார்ட்மெண்ட்'. ஒரு பாடத்தில் தேர்ச்சிக்கு வேண்டிய 33 சதவீதம் வாராமல் போனவர் எழுதுவது. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 33 சதவீதம் வேண்டும்.

இரண்டாவது வகை, 'இம்ப்ரூவ்மெண்ட்'. எல்லாப் பாடங்களிலும் தேறியவர், மார்க்கை உயர்த்திக்கொள்ள எழுதுவது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவர் ஒரு பாடத்துக்கு ஜூலையிலேயே இதை எழுதலாம் என்ற வசதி 2023ல் வந்தது.

முதல் வகை கடன் போன்றது, அடைத்துத்தான் தீரவேண்டும். இரண்டாவது சேமிப்பு போன்றது, முடிந்தால் செய்யலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் "பரீட்சையை விட்டுவிடலாம்" என்று பேசுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

விடவே கூடாத பரீட்சை

ஒரு மாணவியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஹட் பே பள்ளியில் படித்தவள். கணக்கில் கம்பார்ட்மெண்ட். ஆயினும் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்று பி.ஏ. வகுப்பில் அவளைச் சேர்த்துக்கொண்டது. கட்டணமும் கட்டியாயிற்று. "பி.ஏ.வுக்குக் கணக்கு எதற்கு?" என்று வீட்டில் ஜூலைப் பரீட்சையை மறந்துவிடுகிறார்கள்.

கடிதத்தில் 'தற்காலிகச் சேர்க்கை' என்ற சொல் இருக்கிறது. அதன் பொருள் இதுதான்: குறித்த நாளுக்குள் பிளஸ் டூ தேறிய சான்றிதழைக் காட்டவேண்டும், காட்டாவிட்டால் சேர்க்கை ரத்து. அவள் சேர்ந்த பாடம் எதுவாக இருந்தாலும், பிளஸ் டூ தேறாமல் பட்டப் படிப்பு இல்லை. பரீட்சையை விட்டால் இடத்தையும் விட்டதாகவே அர்த்தம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஐந்து பாடங்களோடு ஆறாவதாக ஒரு பாடம் எடுத்துத் தேறியிருந்தால், தவறிய பாடத்தின் இடத்தில் அந்த ஆறாவது பாடத்தை வைத்துத் தேர்ச்சி அளிக்க வாரியத்தின் விதிகள் இடம் தருகின்றன. அப்படித் தேறியவருக்கு மறு பரீட்சை கட்டாயமாகாது. ஆனால் தவறியது கணக்காக இருந்து, சேர விரும்புவது என்ஜினீயரிங்காக இருந்தால், தேர்ச்சிச் சான்றிதழ் மட்டும் போதாது. அங்கே கணக்கைக் கேட்பார்கள்.

விட்டால் நஷ்டமில்லாத பரீட்சை

இம்ப்ரூவ்மெண்டின் கதை வேறு. 2022 முதல் மத்தியப் பல்கலைக் கழகங்களில் பட்ட வகுப்புச் சேர்க்கைக்குக் 'கியூட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. அங்கே வரிசையைத் தீர்மானிப்பது நுழைவுத் தேர்வு மார்க்கு. பிளஸ் டூ மார்க்கு தகுதிக்கு மட்டுமே. தகுதியைத் தாண்டியவர் 70ஐ 80 ஆக்கினாலும் வரிசையில் ஒரு படி ஏறமாட்டார்.

எம்.பி.பி.எஸ். படிப்புக்கும் அப்படியே. 'நீட்' மார்க்குதான் வரிசை. பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் பாடங்களில் தகுதி பெற்றிருந்தால் போதும்.

என்.ஐ.டி. என்னும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் மட்டும் வாசல் உயரமானது. நுழைவுத் தேர்வு வரிசையோடு, பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 65. அல்லது அந்த வாரியத்தில் தேறியவர்களில் முதல் 20 சதமான வரிசைக்குள் இருக்கவேண்டும். 73 சதவீதம் வாங்கிய பையனுக்கு இம்ப்ரூவ்மெண்ட் உயிர்நாடி. ஆனால் அங்கும் நாள் பார்க்கவேண்டும். கலந்தாய்வுச் சுற்றுகள் பெரும்பாலும் ஜூலையில் முடிகின்றன. மறு பரீட்சை முடிவு ஆகஸ்டுத் தொடக்கத்தில் வருகிறது. கப்பல் புறப்பட்டபிறகு கிடைக்கும் டிக்கெட்டால் யாருக்கு லாபம்?

சுப்ரீம் கோர்ட்டு வரை போன வழக்கு

இடம் கையில் இருக்கும்போது மறு பரீட்சை எழுதி மார்க்கு குறைந்துவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது.

2021ல் கொரோனா காரணமாகப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை வாரியம் ரத்து செய்தது. அதற்குப் பதிலாகப் பத்தாம் வகுப்புக்கு 30, பதினொன்றாம் வகுப்புக்கு 30, பன்னிரண்டாம் வகுப்புக்கு 40 என்ற விகிதத்தில் மார்க்கு கணக்கிட்டது. ஜூலை 30ந் தேதி முடிவு வந்தது. 99.37 சதவீதம் பேர் தேறினார்கள்.

அந்த மார்க்கு போதவில்லை என்று கருதியவர்கள் ஆகஸ்டு, செப்டம்பரில் நேரில் பரீட்சை எழுதலாம் என்று வாரியம் வாய்ப்பு அளித்தது. ஆனால் ஒரு கண்டிப்பான நிபந்தனை: அப்படி எழுதினால் பின்னால் வாங்கும் மார்க்குதான் இறுதி. முதலில் வந்த மார்க்கு போய்விடும்.

எழுதியவர்களில் சிலருக்கு மார்க்கு சரிந்தது. முதல் மார்க்கை நம்பிக் கல்லூரியில் கால் வைத்தவர்கள் நடுத்தெருவில் நிற்கும் நிலை. மாணவர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். நீதிபதிகள் ஏ.எம்.கான்வில்கர், சி.டி.ரவிக்குமார் ஆகியோர் 2022 ஜனவரி 7ந் தேதி தீர்ப்பளித்தார்கள். அந்த நிபந்தனை செல்லாது, இரண்டில் எது அதிகமோ அதை ஏற்றுக்கொள்ள மாணவருக்கு வாய்ப்புத் தரவேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

மாணவர்கள் வென்றார்கள் என்பது உண்மை. ஆனால் தீர்ப்பு வரும்வரை அவர்கள் உறங்கிய இரவுகள் எத்தனை என்று யார் கணக்கிட முடியும்? பாரத்தில் கையெழுத்துப் போடுமுன் "எந்த மார்க்கு செல்லும்?" என்ற ஒரு கேள்வியை அந்த ஆண்டின் அறிவிப்பில் தேடிப் பார்ப்பது, கோர்ட்டுப் படி ஏறுவதைவிட எளிது.

தமிழ்நாட்டில் மாறிய காலம்

தமிழ்நாட்டில் ஒரு காலம் இருந்தது. டாக்டர், என்ஜினீயர் இடத்துக்காக ஒரு வருடம் வீட்டில் இருந்து இம்ப்ரூவ்மெண்ட் எழுதுவது சாதாரணம். 2005 ஜூனில் தமிழக அரசு, தொழிற்கல்விச் சேர்க்கையில் பொது நுழைவுத் தேர்வும் இம்ப்ரூவ்மெண்ட் மார்க்கும் இனி இல்லை என்று ஆணையிட்டது. அது வழக்கு மன்றம் ஏறியது. 2006ல் நுழைவுத் தேர்வை நீக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

அந்தப் பழைய நாட்களை நினைவில் வைத்துக்கொண்டுதான் ஊரிலிருக்கும் மாமாவும் சித்தப்பாவும் "ஒரு வருடம் போனால் போகட்டும், திரும்ப எழுதட்டும்" என்று போனில் யோசனை சொல்கிறார்கள். அவர்கள் சொன்ன காலத்துக்கு அது சரி. இன்றைய கல்லூரி என்ன கேட்கிறது என்பதை இன்றைய கடிதத்தில்தான் பார்க்கவேண்டும்.

இங்கிலாந்து தரும் எச்சரிக்கை

இங்கிலாந்தில் பள்ளி இறுதிப் பரீட்சைக்கு முன்பே பல்கலைக் கழகங்கள் இடம் தருகின்றன. "இத்தனை மார்க்கு வாங்கினால்" என்ற நிபந்தனையோடு தருவதே பெரும்பான்மை. நிபந்தனை இல்லாமல் தருவதும் உண்டு. அப்படி இடம் உறுதியானவர்கள், எதிர்பார்த்த மார்க்கைத் தவறவிடுவது மற்றவர்களைவிட அதிகம் என்று அங்குள்ள சேர்க்கை அமைப்பான 'யூகாஸ்' கண்டறிந்தது. எங்களையே முதல் விருப்பமாகக் குறித்தால் நிபந்தனை கிடையாது என்று ஆசை காட்டும் முறையை, 2020 ஜூலையில் உயர்கல்விக் கண்காணிப்பு அமைப்பு தற்காலிகமாகத் தடை செய்தது.

கையில் இடம் வந்ததும் கை தளரும் என்பது எந்த நாட்டுப் பிள்ளைக்கும் பொது. ஆகவே மறு பரீட்சையை விடுவது வேறு. படிப்பை விடுவது வேறு.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

தீவிலோ, பம்பாயிலோ, பெங்களூரிலோ இருக்கும் தமிழ்ப் பெற்றோர்கள் முடிவு எடுக்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடலாம்.

ஒன்று: பிள்ளை எல்லாப் பாடத்திலும் தேறியாயிற்றா? இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை, எழுதத்தான் வேண்டும்.

இரண்டு: சேர்க்கைக் கடிதத்தில் ஏதாவது நிபந்தனை, சான்றிதழ் காட்டவேண்டிய கடைசி நாள் இருக்கிறதா?

மூன்று: மார்க்கு கூடினால் அது எந்த வாசலைத் திறக்கும்? அந்த வாசல் மூடும் நாள் எது? பெயர் சொல்லக்கூடிய கல்லூரி ஒன்றும் இல்லையென்றால் அந்த உழைப்பு வீண்.

நான்கு: மார்க்கு குறைந்தால் எது செல்லும்? எழுதும் மையம் எங்கே? இதைப் பள்ளியில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

நான்கிலும் தெளிவு பெற்று, தேறிய பிள்ளை நிபந்தனையற்ற இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இம்ப்ரூவ்மெண்டை விட்டால், அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஜூலை மாதத்தைப் புதுப் பாடத்துக்கும், புது ஊருக்கும், இங்கிலீஷில் நடக்கும் வகுப்புக்கும் பழகிக்கொள்ளச் செலவிடலாம். தமிழ் வழியில் படித்துவிட்டுப் போகும் தீவுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் பத்து மார்க்கைவிடப் பெரிய துணை.

மரியாதைக்காக எழுதும் பரீட்சையும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை 90 என்பதற்காக, 82 வாங்கிய பெண்ணை மீண்டும் எழுதச் சொல்கிற வீடுகள் இருக்கின்றன. பட்டம் வாங்கி வேலைக்குப் போகும் நாளில் அந்த எட்டு மார்க்கைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். வகுப்பு தொடங்கும் நாளில் பெண் வகுப்பில் இருந்தாளா என்பதே அவளுடைய படிப்புக்கு முக்கியம்.

கூலி வேலையிலும் குமாஸ்தா வேலையிலும் இருந்துகொண்டு பிள்ளைகளைக் கரை சேர்க்கும் குடும்பங்களுக்கு ஒரு வருடம் என்பது சிறிய தொகை அல்ல. அதை எங்கே செலவிடுவது என்பதைக் கடிதத்தைப் படித்தபிறகு, பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முடிவு செய்யட்டும்.