காசு கட்டியும் விளம்பரமா? திருட்டுத் தளங்களுக்கு ரசிகர்களைத் தள்ளும் ஓ.டி.டி கட்டணங்கள்!

"அந்தப் படம் எந்த ஓ.டி.டி-ல இருக்கு?" வார இறுதியில் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். ஒன்று நெட்ஃப்ளிக்ஸில், இன்னொன்று பிரைமில், கிரிக்கெட் ஜியோ ஹாட்ஸ்டாரில். தேடிக் களைத்தவரின் கைக்கு, எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கும் டெலிகிராம் லிங்க் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது.

இலவசம் என்பதால் மட்டும்தான் அதை க்ளிக் செய்கிறார்களா? கட்டணக் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம்.

999 டு 2,198

2021 டிசம்பரில் அமேசான் பிரைமின் ஆண்டுச் சந்தா 999 ரூபாயிலிருந்து 1,499 ஆனது. 2025 ஜூனில் படங்களுக்கு நடுவே விளம்பரம் வரத் தொடங்கியது. அது வேண்டாம் என்றால் ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய். ஆக, அன்று 999 ரூபாய்க்கு விளம்பரமில்லாமல் பார்த்தவர், அதே வசதிக்கு 2,198 ரூபாய் கட்ட வேண்டும்.

நெட்ஃப்ளிக்ஸ் அதே 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தது. மொபைல் பிளான் 199-லிருந்து 149 ஆனது. ஆனால், ஒரு அக்கவுன்ட் ஒரு வீட்டுக்கு மட்டுமே என்று 2023 ஜூலையில் கறார் காட்டியது. மகள் ஹாஸ்டலில், பாட்டி ஊரில் என்றிருக்கும் குடும்பத்துக்கு இது எப்படிப் பொருந்தும்?

2023, 2024-ல் மொபைலில் இலவசமாகக் கிடைத்த ஐ.பி.எல்லுக்கும் 2025-ல் சந்தா வந்துவிட்டது.

பார்ப்பவர்கள் கேட்பது என்ன?

இ.ஒய் நிறுவனமும் இந்திய இன்டர்நெட் மற்றும் மொபைல் சங்கமும் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2023-ல் இந்தியாவின் திருட்டுச் சந்தை மதிப்பு 22,400 கோடி ரூபாய். அதேசமயம், திருட்டுத்தனமாகப் பார்ப்பவர்களில் 64 சதவிகிதம் பேர், விளம்பரத்தோடு இலவசமாகக் கொடுத்தால் முறையான தளத்துக்கே வரத் தயார் என்றிருக்கிறார்கள். விளம்பரம் அவர்களுக்குப் பிரச்னை இல்லை. காசும் வாங்கிக்கொண்டு விளம்பரமும் போடுவதுதான் எரிச்சல்.

அதற்காகத் திருட்டு லிங்க் நியாயமாகிவிடாது. 2023 ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டப்படி படத்தைத் திருடிப் பரப்புபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பார்ப்பவரின் மொபைலுக்கோ, சூதாட்ட விளம்பரமும் போலி ஆப்பும் சேர்ந்தே வரும்.

பட்ஜெட்டுக்குள் பார்க்க...

* எல்லாவற்றுக்கும் ஆண்டுச் சந்தா வேண்டாம். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என மாற்றிக்கொள்ளலாம்.
* உங்கள் ரீசார்ஜ் பேக்கில் ஓ.டி.டி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
* பார்க்காத தளத்தின் ஆட்டோபேயை இன்றே நிறுத்துங்கள்.

காசு கட்டுபவருக்குத் தொல்லை, கட்டாதவருக்குச் சுலபம் என்ற நிலையை மாற்ற வேண்டியது ஓ.டி.டி நிறுவனங்கள்தான்!