முதல் இலக்கு சிறியதாக இருக்கட்டும்

எடையைக் குறைக்க விரும்பி எங்களிடம் வருவோரில் பலர், ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைய வேண்டும் என்று எண்ணுகின்றனர். நாங்கள் கூறும் முதல் இலக்கு, இப்போதுள்ள எடையில் 5 விழுக்காடு மட்டுமே. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 4 கிலோ. அந்த அளவு குறைந்தாலே பலருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வரத் தொடங்கும். வாரம் அரை கிலோ வீதம் குறைந்தால் இரண்டு மாதங்களில் அதனை எட்டலாம்.

தொடக்கத்தில் விரைவாகக் குறைவது பெரும்பாலும் உடலிலுள்ள நீரே. பின்னர் வேகம் தணிவது இயல்பு, அது தோல்வியன்று. எடையை வாரம் ஒருமுறை, காலையில், ஒரே கருவியில் பார்த்தால் போதும்.

உடற்பயிற்சியை நாள்தோறும் 10 நிமிட நடையில் தொடங்கி, வாரத்திற்கு 150 நிமிடங்கள் வரை படிப்படியாக உயர்த்துங்கள். நடக்கும்போது பேச இயல வேண்டும், பாட இயலாது. அதுவே சரியான வேகம்.

இதய நோயுள்ளவர்களும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: "இன்னும் குறையவில்லையே" என்று கேட்பதைவிட, உடன் நடப்பதே பேருதவி.