பயிருக்கு இட்டது எங்கே செல்கிறது?

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் நெல் வட்டைகளும், கிழக்கே எழுவான்கரையில் களுதாவளை முதலிய ஊர்களின் மணற்பாங்கான தோட்டங்களும் உள்ளன. வட்டையின் வடிச்சல் நீர் வாவியைச் சேர்கிறது. தோட்டத்து நீர் மணலினூடே இறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. ஆகையால் நாம் இடும் பசளையும் தெளிக்கும் நாசினியும் பயிரோடு நின்றுவிடுவதில்லை. வயல், கிணறு, வாவி, வீடு ஆகிய நான்கிலும் அவற்றால் விளையும் நன்மை தீமைகளை ஒருங்கே சீர்தூக்குவதே சூழற் சுகாதார இடர் மதிப்பீடு எனப்படும். கமக்காரர் நான்கு வினாக்களை எழுப்பிக்கொண்டால் இதனைத் தாமே செய்யலாம்:

1. தீங்கு செய்யக்கூடிய பொருள் யாது?
2. அது எவ்வழியாகச் செல்கிறது?
3. யாரை, எவ்வளவு சென்றடைகிறது?
4. விளைச்சல் குறையாமல் அதனை எங்கே தடுக்கலாம்?

தோட்டப் பயிர்

மிளகாய், கத்தரி, வெங்காயம் ஆகியவற்றுக்கு அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. மணல் அதனைப் பிடித்துவைக்காது. மழையும் நீர்ப்பாய்ச்சலும் கிணற்றுக்குக் கொண்டுசெல்லும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இதனிலும் மிகுந்த நீரிற் கரைத்த பால்மாவைப் பருகும் கைக்குழந்தையின் குருதி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உடல் நீலம் பாயும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். நீரைக் கொதிக்கவைத்தலால் நைத்திரேற்று நீங்காது. ஆதலின் அதனைத் தடுக்கும் இடம் அடுப்படி அன்று, பாத்தியே. பசளையைச் சிபாரிசு செய்யப்பட்ட அளவில், பல தடவையாகப் பிரித்து இடுக, கனமழைக்கு முன் இடற்க, கூட்டெரு சேர்க்க, குடிநீர்க் கிணற்றைச் சோதிப்பிக்க.

நெல்

இறாலும் நண்டும் பூச்சிகளைப் போலவே கணுக்காலிகள். எனவே பூச்சியைக் கொல்லும் நாசினி வாவியின் இறாலையும் கொல்லவல்லது. தெளித்தபின், சுட்டுத்துண்டிற் குறித்த காலம்வரை வக்கடையை அடைத்து நீரை வயலிலேயே நிறுத்துதல் வேண்டும். தெளிகருவியை வாய்க்காலிற் கழுவலாகாது.

நாட்டின் அனுபவம்

மெத்தமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் ஆகியன 1995 ஆம் ஆண்டிலும், எண்டோசல்பான் 1998 ஆம் ஆண்டிலும் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. அதன்பின் நஞ்சருந்தி இறந்தோர் தொகை குறைந்தது. நெல் விளைச்சலோ குறையவில்லை. மாறாக, 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. அத்தடை அவ்வாண்டு நவம்பரில் தளர்த்தப்பட்டபோதிலும் பெரும்போக விளைச்சல் வீழ்ந்தது. சுகாதாரத்தை மட்டுமோ விளைச்சலை மட்டுமோ நோக்கின் நட்டமே நேரும். இரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

அடுத்த போகத்திற்குப் பசளையும் நாசினியும் வாங்குமுன் இந்நான்கு வினாக்களுக்கும் விடை காண்க. ஐயமுள்ளவிடத்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.