விளைபொருள் ஏற்றும் சிறு வண்டி: குலுக்கலைக் குறைப்பது எப்படி?

நம் கிராமங்களில் முன்பு இரண்டு வகை மாட்டு வண்டிகள் இருந்தன. ஒன்று நெல்லும் எருவும் ஏற்றும் பார வண்டி. மற்றொன்று ஆட்கள் ஏறிச் செல்லும் வில்வண்டி. பார வண்டியில் அச்சின் மேல் நேராகச் சட்டம் உட்கார்ந்திருக்கும். வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும் உள்ளே இருப்பவரின் இடுப்பு ஒடியாமல் காத்தவை அந்தப் பட்டைகளே.

இன்று விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் பிக்கப் வண்டியிலும், 'குட்டியானை' என்று மக்கள் அழைக்கும் சிறு லாரியிலும் பின் அச்சின் மேல் இருப்பது பெரும்பாலும் அதே வில்பட்டைதான். அதனுடன் ஷாக் அப்சார்பர் என்ற குழாய் போன்ற கருவியும் சேர்ந்திருக்கிறது. இவ்விரண்டின் வேலையும் வேறு வேறு. இதை அறியாமல் செலவு செய்யும் விவசாயிகள் பணத்தையும் இழந்து, தக்காளியையும் நசுங்கக் கொடுக்கிறார்கள்.

ஸ்பிரிங் சுமக்கிறது, ஷாக் அடக்குகிறது

வண்டியின் எடையையும் ஏற்றிய சரக்கின் எடையையும் தாங்குவது ஸ்பிரிங் பட்டைதான். சக்கரம் மேட்டில் ஏறும்போது பட்டை அமுங்கி, அந்த வேகத்தைத் தன்னுள் வாங்கிக் கொள்கிறது. ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும் அதன் குணம். எனவே அமுங்கிய பட்டை மேலெழும்பும், மறுபடி அமுங்கும், மறுபடி எழும்பும். இந்த ஆட்டத்தை நிறுத்துவதற்காகவே ஷாக் அப்சார்பர் பொருத்தப்படுகிறது. அதனுள் இருக்கும் எண்ணெய், சிறு துவாரங்கள் வழியே அழுத்தித் தள்ளப்படுகிறது. ஆட்டத்தின் வேகம் அங்கே வெப்பமாக மாறிக் கரைந்து விடுகிறது.

வில்வண்டியில் ஷாக் அப்சார்பர் கிடையாது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே ஆட்டத்தை ஓரளவு அடக்கியது. இப்போதைய வண்டிகள் சிலவற்றில் பட்டைகளின் எண்ணிக்கை குறைவு, உராய்வும் குறைவு. எனவே அவற்றில் ஷாக் அப்சார்பர் கெட்டுப் போனால் குலுக்கல் அதிகமாகத் தெரியும்.

இதிலிருந்து முக்கியமான ஒரு விஷயம் விளங்கும். விலை உயர்ந்த ஷாக் அப்சார்பரை மாட்டுவதால் வண்டி கூடுதலாக ஒரு மூட்டையைக்கூடச் சுமக்காது. வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர் என்று விற்கப்படுவதிலும் உள்ளே இருக்கும் நைட்ரஜன் வாயு சுமை தாங்குவதற்காக அல்ல. மோசமான பாதையில் நெடுநேரம் ஓடும்போது எண்ணெய் சூடாகி நுரைத்து வலுவிழக்காமல் இருப்பதற்காகவே அது அடைக்கப்படுகிறது. மண் பாதையில் நாள்தோறும் பல கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது பயன் தரும். தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்குச் சாதாரண எண்ணெய் ஷாக் அப்சார்பரே போதுமானது.

கூடுதல் பட்டை சேர்க்கலாமா?

பல விவசாயிகள் வண்டி வாங்கிய உடனே பட்டறைக்குச் சென்று, பின் அச்சில் ஒன்றோ இரண்டோ கூடுதல் பட்டை அடித்துக் கொள்கிறார்கள். சுமை ஏற்றினால் வண்டி தாழ்ந்து போகிறது, எனவே கூடுதல் பட்டை நல்லது என்பது அவர்கள் எண்ணம். இதில் உள்ள கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆறு பட்டைகள் உள்ள அடுக்கில் அதே கனமும் நீளமும் உள்ள ஒரு பட்டையைச் சேர்த்தால், விறைப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. பட்டையின் கனத்தைக் கூட்டினாலோ விறைப்பு மிக வேகமாக ஏறும். 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 10 மில்லிமீட்டர் பட்டை போட்டால், அந்தப் பட்டையின் விறைப்பு ஏறத்தாழ இரு மடங்காகி விடுகிறது. 'இரண்டே மில்லிமீட்டர்தானே' என்று எண்ணுவது தவறு.

விறைப்பு கூடினால் வண்டி தாழாது என்பது உண்மையே. ஆனால் குலுக்கல் கூடும். சுமையால் ஸ்பிரிங் 9 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால், அந்த வண்டியின் ஆட்டம் கணக்குப்படி நிமிடத்துக்குச் சுமார் 100 முறை. அதே சுமைக்கு 4 சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கினால் ஆட்டம் நிமிடத்துக்கு 150 முறை ஆகிறது. ஆட்டம் வேகமாக ஆக, ஒவ்வொரு பள்ளத்திலும் சரக்குக்கு விழும் அடியும் கடுமையாகிறது. அரைச் சுமையோடு போகும் நாளில் நிலைமை இன்னும் மோசம். வண்டி சந்தையை அடையும்போது மேலடுக்குக் கூடைகளில் உள்ள பழங்கள் துள்ளித் துள்ளி ஒன்றோடொன்று மோதி நைந்திருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு உண்டு. பட்டையைக் கூட்டுவதால் பிரேக்கின் பலம் கூடுவதில்லை. அச்சு, சக்கரத் தட்டு, டயர், சட்டம் எதன் பலமும் கூடுவதில்லை. வண்டி தாழ்ந்து போவது 'சுமை போதும்' என்று வண்டி சொல்லும் எச்சரிக்கை. கூடுதல் பட்டை அந்த எச்சரிக்கையைத்தான் மறைக்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும்போதுதான் அது தெரிய வரும். அப்போது தெரிந்து பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடைக்கு மேல் ஏற்றினால், 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட 194ஆவது பிரிவு ரூ.20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000மும் விதிக்கிறது. அதிகப்படிச் சரக்கை இறக்கும் செலவும் வண்டிக்காரரையே சேரும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணம் பெறுவதிலும் சிக்கல் எழலாம்.

உதாரணமாக, 750 கிலோ பாரத் திறன் உள்ள வண்டியை எடுத்துக் கொள்வோம். 25 கிலோ தக்காளி கொள்ளும் பிளாஸ்டிக் கூடைகள் 30 வைத்தால் தக்காளியின் எடையே 750 கிலோ ஆகிவிடும். காலிக் கூடை ஒன்று 2 கிலோ என்றால் அதற்கே 60 கிலோ. கூடவே சுமை இறக்க இருவர் ஏறினால் இன்னும் நூறு கிலோவுக்கு மேல். எனவே சரியான கணக்கு 30 கூடை அல்ல. 24 கூடையோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

கெட்டுப் போனதை அறிவது எப்படி?

வண்டி குலுங்குகிறது என்றால் பெரும்பாலும் காரணம் பலமில்லாத பட்டை அல்ல, தேய்ந்து போன பாகங்களே. கீழ்க்கண்டவற்றை விவசாயிகள் தாங்களே கவனிக்கலாம்.

ஷாக் அப்சார்பரின் வெளிப்புறத்தில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தால் அது கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். மோசமான பாதையில் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிய பின் நான்கு ஷாக் அப்சார்பர்களையும் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். வேலை செய்பவை சூடாக இருக்கும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை.

காலி வண்டியின் பின்மூலையில் இருவர் ஏறி அழுத்திச் சட்டென்று இறங்கிப் பார்க்கலாம். வண்டி ஒரு முறை எழும்பி நின்றால் நல்லது. மேலும் இரண்டு, மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டும். டயரின் ஓடுதளம் ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருப்பதும் இதன் அறிகுறியே.

சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பட்டை தளர்ந்திருக்கலாம் அல்லது உடைந்திருக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. யூ போல்ட் தளர்ந்திருந்தால் நடு போல்ட் அறுந்து அச்சே நகர்ந்து விடக் கூடும். அப்படிப்பட்ட வண்டி நேராக ஓடாது.

பழுது பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

ஷாக் அப்சார்பரை ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்றால் வளைவில் வண்டி ஒருபுறம் சாயும். நீளமும் பழைய அளவே இருக்க வேண்டும். நீளம் அதிகமானால் பட்டை அமுங்கும்போது ஷாக் முட்டி உடையும். நீளம் குறைந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அதன் மாட்டி பிய்ந்து விடும்.

உடைந்த பட்டையை வெல்டிங் செய்து போடக் கூடாது. ஸ்பிரிங் எஃகு பதம் ஏற்றிய இரும்பாகும். வெல்டிங் சூட்டில் பதம் கெட்டு, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். தளர்ந்த பட்டையைக் காஸ் நெருப்பில் காய்ச்சித் தட்டி வளைப்பதும் இது போன்றதே. சில வாரங்களில் அது பழையபடி தாழ்ந்து விடும். அந்தப் பட்டையை மாற்றுவதே முடிவில் சிக்கனம்.

பட்டையைக் கழற்றும்போது யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போடுவது நலம். வண்டியின் எடை ஸ்பிரிங் மேல் இறங்கிய பிறகே ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை முடிவாக இறுக்க வேண்டும். சில நாட்கள் சுமையோடு ஓடிய பின் யூ போல்ட்டை மறுபடி சோதித்து இறுக்குவது அவசியம்.

கழிவு ஆயிலையும் டீசலையும் பட்டைகள் மேல் அடிக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அது ரப்பர் புஷ்களை ஊறச் செய்து கெடுக்கும். பிரேக்கில் பட்டால் பிடிமானமே போய்விடும். கிரீஸ் அடிக்கும் முனை உள்ள இடத்தில் மட்டும் கிரீஸ் அடித்து, சேற்று வயலில் இருந்து வந்த வண்டியைத் தண்ணீரால் கழுவினால் போதும்.

பாரம் ஏற்றும் நாளில் மட்டும் வண்டி தாழ்கிறது, பாரமோ அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்றால், உதவிப் பட்டை பற்றித் தயாரிப்பாளரின் சர்வீஸ் நிலையத்தில் கேட்கலாம். காலியாக ஓடும்போது அது தொடாமல் இருக்கும். பாரம் ஏறிய பிறகே தாங்கும். எனவே காலி வண்டியின் மென்மை கெடுவதில்லை. பாரத் திறன் மட்டும் இதனாலும் கூடாது.

செலவில்லாத வழிகள்

டயரும் ஒரு ஸ்பிரிங்தான். தேவைக்கு மேல் காற்று அடித்த டயர், எவ்வளவு நல்ல பட்டை இருந்தாலும் குலுக்கும். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலை நேரத்தில் காற்றை அளந்து, குறித்த அளவில் வைக்க வேண்டும்.

சரக்கைப் பின் அச்சுக்கு முன்புறமாக, கேபினை ஒட்டி அடுக்க வேண்டும். இரு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோவை வைத்தால், பின் அச்சின் மேல் 150 கிலோ விழுகிறது. முன் சக்கரத்தின் மேல் இருந்து 50 கிலோ குறைகிறது. ஸ்டியரிங் லேசாகி, வண்டி சொன்ன பேச்சு கேட்காது.

தொலைவான சந்தைக்குப் போகும் தக்காளியை நிறம் மாறத் தொடங்கும் பருவத்தில் பறிக்க வேண்டும். கூடையின் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழ் வரையே நிரப்ப வேண்டும். தலை தட்டி நிரப்பினால் மேல் கூடையின் எடையைக் கூடை தாங்காது, பழம்தான் தாங்கும். நன்கு பழுத்தவற்றை மேலடுக்கிலும் வண்டியின் கடைசியிலும் வைக்கக் கூடாது. குலுக்கல் அங்கேதான் அதிகம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், வண்டியின் ஓட்டத்தில் உள்ள ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே கையில் உள்ள பணத்தைச் செலவிடும் வரிசை இதுவாக இருக்கட்டும். முதலில் டயர் காற்றும் சரக்கு அடுக்கும் முறையும். அடுத்து புஷ்ஷும் யூ போல்ட்டும். அதன் பின் ஜோடியாக ஷாக் அப்சார்பர். தளர்ந்தோ உடைந்தோ இருந்தால் மட்டுமே ஸ்பிரிங் பட்டை. மூன்று மாதம் பாடுபட்டு விளைவித்த பொருள் கடைசி முப்பது கிலோமீட்டரில் வீணாகாமல் சந்தை சேர்ந்தால், அந்த ஒரு பறிப்பின் விலை வித்தியாசமே ஷாக் அப்சார்பருக்கு ஆன செலவில் ஒரு பகுதியை ஈடு செய்யும்.