மழை வெளியே கொண்டுவரும் பாம்புகள்

ஐப்பசியில் இரவெல்லாம் அடித்த மழை விடியலில் ஓய்ந்தால், நைனார்பாளையம் பக்கத்து மக்காச்சோளக் கொல்லைகளில் மண்ணுக்குள் வாழ்பவை மேலே வந்துவிடும். வளைகளில் நீர் புகும், மண்புழு நெளியும், தவளை கத்தும், இரை தேடிப் பாம்பும் வரும். வெயில் காலத்தில் கடப்பாரை போட்டாலும் அகப்படாதவை, ஈரத்தில் ஒரு கல்லைப் புரட்டினாலே தென்படும். ஊர்வன ஆய்வாளர்கள் மழைக்குக் காத்திருப்பது இதற்காகத்தான்.

வாசலில் மண்புழு போல நெளியும் கறுப்பு உயிர் நாக்கை நீட்டினால், அது புழுப்பாம்பு. ஒரு சாண்கூட இருக்காது, விஷமும் கிடையாது. எறும்பு, கறையான்களின் முட்டைகளும் புழுக்களுமே அதன் உணவு. இந்த இனத்தில் எல்லாமே பெண். இணை சேராமலே முட்டையிடும். பூந்தொட்டி மண்ணில் ஒன்றே ஒன்று ஒட்டிப் போனாலும் போதும், புது நாட்டில் குடியேறிவிடும். அப்படித்தான் உலகெங்கும் பரவியது. காதுக்குள் புகுந்துவிடும் என்று பயந்து இதை அடித்துக் கொல்வது வீண் கொலை.

மலை ஏறினால் கதை வேறு. ஈரக்காட்டு மண்ணைத் துளைத்து மண்புழு தின்னும் கேடயவால் பாம்புகள் குட்டி போடுபவை. வால் நுனி மழுங்கி, சொரசொரப்பாக இருக்கும். அதில் அப்பிய மண் வளையை அடைத்துக் காக்கும். 1863-இல் பெடோம் என்ற ராணுவ அதிகாரி சேர்வராயன் மலைப் பாம்பு ஒன்றை விவரித்து, டாக்டர் ஷார்ட்டின் பெயரைச் சூட்டினார். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 2013-இல், ஆய்வாளர்கள் ஏங்கல்ஸும் கணேஷும் நாமக்கல் மாவட்டத்துப் போதமலையிலிருந்து இன்னொரு புதிய இனத்தை அறிவித்தார்கள். 2019-இல் கொல்லிமலையின் பெயரிலேயே ஒரு சிறு பல்லி வந்தது. வறண்ட சமவெளி நடுவில் கிடப்பதால், ஒரு மலையின் ஈரம் விரும்பும் உயிர் அடுத்த மலைக்குப் போக முடியாது. காலப்போக்கில் தனி இனமாகிவிடுகிறது. ஆகவே கல்வராயன் மலையையும் சேர்வராயனின் நகலாக நினைக்காமல், ஓடை ஓடையாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

பிடித்த பாம்பைவிட அதன் சீட்டு முக்கியம். எந்தச் சரிவு, எவ்வளவு உயரம், எந்தத் தேதி என்று எழுதாத மாதிரிக்குப் பாதி மதிப்புதான். புரட்டிய கல்லைப் பழையபடி வைப்பதும் கட்டாயம். அது பல உயிர்களுக்குக் கூரை. வனத்துறை அனுமதியின்றிப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

உங்கள் கொல்லையில் மழைக்குப் பின் அறியாத பாம்பைக் கண்டால், தொடாமல் தள்ளி நின்று படம் எடுங்கள். ஊர்ப் பெயரும் தேதியும் சேர்த்து, அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறைக்கு அனுப்பிவையுங்கள்.