காசு கொடாமல் இணையத்தில் இடம் பெறுவோம்

திருக்கோகர்ணத்துக் குடைவரைக் கோயிலையும், 1910-இல் தோன்றிய புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தையும் காண வெளியூரார் பலர் வருகின்றனர். இன்று அவர்கள் வழி கேட்பது கைபேசியிடமே. பக்கத்துக் கிராமத்துச் செக்கெண்ணெய் அதன் தேடலில் தோன்றாவிடில், அந்த வியாபாரம் நமக்கில்லை.

“பணம் தந்தால் நூறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு இணைப்பு வாங்கித் தருகிறோம்” எனச் சிலர் கூறுவர். ஏமாற வேண்டாம். 1998-இல் தொடங்கிய கூகுள் நிறுவனம், பிற தளங்கள் தரும் இணைப்பை நற்சான்றாகக் கொண்டது. சான்று விலைப்பொருளாகவே, 2012-இல் அத்தகைய தளங்களைப் பின்னுக்குத் தள்ளும் முறையைக் கடுமையாக்கிற்று.

நாம் செய்ய வேண்டுவன யாவை? முதலாவதாக, தொழிலின் பெயர், இடம், வேலை நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கூகுள் வரைபடத்தில் பதிதல் வேண்டும், இதற்குக் கட்டணமில்லை. இரண்டாவதாக, தளத்தில் ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பொருளையும் விலையையும் விளக்க வேண்டும். “தரமான எண்ணெய்” என்பதைவிட “மரச்செக்கு நல்லெண்ணெய், திருக்கோகர்ணம்” என்பதே தேடுவோர் கண்ணில் படும். மூன்றாவதாக, வாங்கியோரைத் தம் கருத்தை எழுதுமாறு வேண்டலாம். பரிசளித்து எழுதுவிப்பது விதிக்கு மாறாகும். நம் சரக்கை விற்கும் கடைகள் தம் தளத்தில் நம்மைக் குறிப்பிட்டால், அதுவே விலையில்லா நற்சான்று.

ஊராட்சி உறுப்பினர்கள் இவற்றை மகளிர் குழுக்களுக்கு எடுத்துரைப்பார்களாக. குழுவின் சேமிப்பு தரகரைச் சேராமல் தொழிலையே வளர்க்கட்டும்!