வால் மாறினால் அழுத்தம் மாறும்

மலேசியாவின் காஜாங்கில் தெனாகா நேஷனல் பல்கலைக்கழகத்தின் பலகையில் இருப்பது மலாய்ச் சொல்: யூ-நி-வெர்-சி-தி. ஐந்து அசைக்கும் ஏறக்குறைய ஒரே நேரம். இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்திலும் இந்தத் தாளமே ஓடும். லண்டன்காரர் வாயில் ஆங்கில ‘யூனிவெர்சிட்டி’ வந்தால் ‘வெர்’ மட்டும் ஓங்கும், மற்றவை சுருங்கிவிடும்.

ஏன் ‘வெர்’? வால் ‘இட்டி’ என்பதால். அந்த விகுதி வந்தால் அழுத்தம் அதற்கு முந்தைய அசையில் விழும். எலெக்ட்ரிக் என்றால் ‘லெக்’ ஓங்கும். எலெக்ட்ரிசிட்டி என்றால் ‘ட்ரி’. ரெஸ்பான்சிபிலிட்டி எவ்வளவு நீண்டாலும் ‘பி’தான். லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த விகுதி இது. பழைய ஆங்கிலத்தின் ‘நெஸ்’ அப்படியல்ல: ஹேப்பி, ஹேப்பினெஸ் இரண்டிலும் ‘ஹே’ அசையாது. தமிழிலும் விகுதிகளை அடுக்கினால் அழுத்தம் இப்படி ஊர் சுற்றுவதில்லை. நமக்கு இது பழக்கமில்லாத வேலை.

அழுத்தம் விலகிய இடத்தில் உயிரொலியும் மங்கும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை முழுதாக ஒலிக்கும். ‘ஃபோட்டோகிராஃபி’ ஆனதும் அது ‘ஃப’ என்று தேய்ந்து, ‘டாக்’ எழும்பும்: ஃப-டாக்-ர-ஃபி. எழுத்துக்கூட்டல் மாறுவதில்லை, அதுதான் தொல்லை. பொருளுக்காகப் பிரித்தால் ‘ஃபோட்டோ’, ‘கிராஃப்’, ‘இ’. வாய் பிரிப்பதோ வேறு இடத்தில்: ‘கிராஃப்’ மூன்றாக உடைகிறது. எழுதும்போது முதல் பிரிப்பு உதவும், பேசும்போது இரண்டாவது. பல அகராதிகளில் ஓங்கும் அசைக்கு முன்னால், மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும்; பலரும் அதைத் தாண்டிப் பொருளுக்குப் போய்விடுகிறோம்.